மூன்று அலசல்

என் அக்காவைப் பார்த்து யாராவது "பாவம், படிக்காதவங்க" என்று உச்சுக் கொட்டினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாவமாவது, மண்ணாவது! முப்பத்தோரு வருடம் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் நின்றவள் அவள். கடைசிப் பதினெட்டு வருடம் அந்தக் கூடமே அவள் சொன்னபடிதான் ஆடியது. கூட வேலை பார்த்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் விறைப்பக்கா. கஞ்சி போட்ட துணி மாதிரி நிமிர்ந்தே நிற்பாளாம், எதிரில் மேலாளரே நின்றாலும்.

அவள் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரைதான். காரணம் சாட்சாத் நானே. நான் பிறந்ததும் அம்மா வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தது, என்னை இடுப்பில் சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. எட்டு வயது இடுப்பு ஒன்று வீட்டில் சும்மா இருந்தது. அப்படியே நின்றது அவள் படிப்பு. நான் வளர்ந்து, படித்து, ஓர் அலுவலகத்தில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றேன். ஒரு புள்ளி விட்டுப் போனாலும் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி அடிப்பவள் என்று எனக்கு அங்கே பெயர். இந்தப் பெருமையை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல எனக்கு வாய் வராது.

இருவருமே புருஷனைப் பறிகொடுத்தபின் ஒரே வீட்டில், மாடிப் பகுதியில், இரண்டு அறைகளில் குடியிருந்தோம். ஆஸ்பத்திரி விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஏழாம் பொருத்தம். எனக்கு ஒரு தும்மல் வந்தால் போதும், கோப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். வருடத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல், கண், முட்டி. எல்லாச் சீட்டும் தேதிவாரியாக அடுக்கியிருக்கும். டாக்டரிடம் நான்கு கேள்வி கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். ஒரு ராத்திரி கூட நான் அங்கே படுத்தது கிடையாது.

அக்கா அறுபத்தாறு வயது வரை அந்த வாசலையே மிதித்ததில்லை. "ஓடுற மெஷினைத் திறந்து பார்க்கிறவ முட்டாள்" என்பாள். காலில் வீக்கம் வந்தபோது, முப்பது வருடம் ஈரத்தரையில் நின்ற கால் என்றாள். மாடி ஏற மூச்சு வாங்கியபோது, வயசாச்சு என்றாள். ஒரு நாள் காலை குளியலறை வாசலில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. உதடு நீலம் பூத்துவிட்டது. அன்று தொடங்கி மூன்று மாதத்தில் மூன்று முறை இப்படி. நான் நடந்து போய் நடந்து வருகிற ஆஸ்பத்திரிக்கு அவள் படுத்துத்தான் போனாள்.

இதயம் சரியாக அடிக்கவில்லை, அதனால் உடம்பில் நீர் தேங்குகிறது என்றார்கள். ஊசி போட்டு நீரை வடித்து, மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்து இருபது நாள், இருபத்தைந்து நாள். மறுபடி கால் வீங்கும், மறுபடி மூச்சு முட்டும். இத்தனைக்கும் ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை. நான்தான் அருகில் இருந்து பார்த்தேனே! பொழுது மாறினாலும் அவள் மாத்திரை மாறாது.

மூன்றாவது முறை தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அவளைப் பொதுவார்டுக்கு மாற்றிய அன்று, சின்ன டாக்டரம்மா என்னை நடையில் நிறுத்தினாள். மெலிந்த பெண், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு.

"அம்மா, மறைக்காம சொல்றேன். நாலாவது தடவை இப்படி வந்தா அவங்க இதயம் தாங்காது. வீட்டுல நல்லாப் பார்த்துக்கங்க."

"இதுக்கு மேல எப்படிப் பார்க்க?" என்று சுள்ளென்று கேட்டேன். அதற்குள் யாரோ கூப்பிட, அவள் ஓடிவிட்டாள். அக்கா இல்லாத வீட்டை நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலை பெரிய டாக்டர் ஐந்தாறு மாணவர்கள் சூழ வந்தார். கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய தாளைப் புரட்டினார்.

"இவங்களைப் பாருங்க. அறுபத்தாறு வயசு, மூணாங் கிளாஸ். மூணு மாசத்துல மூணாவது அட்மிஷன். இந்த மாதிரி கேஸ் நிறையப் பார்ப்பீங்க. படிச்சவங்க முன்கூட்டியே வந்து காட்டிட்டுப் போயிடுவாங்க. இவங்க முத்தினப்புறம்தான் வருவாங்க, போவாங்க, திரும்ப வருவாங்க. சொன்னாக் கேட்க மாட்டாங்க."

மாணவர்கள் குறித்துக்கொண்டார்கள். அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"ஐயா, நான் இங்கேதான் இருக்கேன்."

"சொல்லுங்கம்மா."

"என்ன சொன்னீங்க, நான் என்ன கேட்கலை?"

பெரிய டாக்டர் சிரித்தார். "ரெஸ்ட் எடுங்க" என்று அவள் போர்வையைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அக்கா அந்தப் போர்வையை உதறிச் சரிசெய்தாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும், இன்றைக்கு யாருக்கோ சனி பிடித்தது என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் என்ன கேட்கலைன்னு அந்தத் தாளில் எழுதியிருக்கு, படி" என்றாள் என்னிடம். படித்தேன். 'படிப்பறிவற்றவர். அறிவுரையைப் பின்பற்றாதவர்.'

"யார் எழுதினது?"

"தெரியலைக்கா. விடு. வீட்டுக்குப் போனாப் போதும்."

மதியம் நர்ஸ் மைப்பெட்டியோடும் இரண்டு பக்கத் தாளோடும் வந்தாள். வீட்டுக்கு அனுப்பும் தாள். முதல் இரண்டு முறையும் அக்கா கட்டைவிரலை நீட்டினாள், நர்ஸ் பிடித்து அழுத்தினாள், நான் பேனாவை வாங்கி என் இடத்தில் கையெழுத்துப் போட்டேன், ஆட்டோ பிடித்தோம். இந்த முறை அக்கா இரண்டு கையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"இதுல என்ன எழுதியிருக்கு?"

"எல்லாம் வழக்கமா எழுதறதுதாம்மா. விரலைக் கொடுங்க."

"வழக்கமா எழுதறதுன்னா என்னது?"

"எல்லாம் விளக்கிச் சொன்னாங்க, எனக்குப் புரிஞ்சுதுன்னு."

"எனக்குப் புரியலையே?"

நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் அக்காவின் தோளைத் தொட்டு, "வைச்சுட்டு வாக்கா, வீட்டுக்குப் போய்ப் பேசிக்கலாம்" என்றேன். என்னை அவள் பார்த்த பார்வையில் நான் கையை எடுத்துக்கொண்டேன்.

"புரிஞ்சுதுன்னு நான்தான் சொல்லணும். நீங்களா எழுதிட்டு எங்கிட்ட விரலைக் கேட்டா எப்படி? மாட்டேன்."

"அம்மா, இந்த பெட்டுக்கு வெளியில ஆள் காத்துக்கிட்டிருக்காங்க."

"காத்திருக்கட்டும். இன்னிக்கு நான் அவசரமாப் போனா, இருபதாம் நாள் இதே பெட்டுக்குத்தான் வருவேன். இல்லை நேரா மேல போயிடுவேன். உங்களுக்கு எது வசதி?"

பக்கத்துக் கட்டிலில் இருந்த கிழவர் "அப்படிக் கேளு தாயி!" என்றார். அவருக்கு மூக்கில் குழாய். அந்த நிலையிலும் மனிதருக்கு உற்சாகம்.

நர்ஸ் கெஞ்சினாள், மிரட்டினாள், கடைசியில் ஓடிப்போய்ச் சின்ன டாக்டரம்மாவைக் கூட்டிவந்தாள். பெரிய நர்ஸும் பின்னால் வந்தாள். அக்கா இம்மியும் அசையவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. ஒரு ஓரத்தில் சந்தோஷமாகவும் இருந்தது, ஏன் பொய் சொல்ல?

"உட்காருங்க டாக்டரம்மா" என்றாள் அக்கா, ஏதோ தன் வீட்டுக் கூடத்தில் இருப்பவள் போல. "நின்னுக்கிட்டு பேசுறவங்க எல்லாம் பாதியிலேயே போயிடறாங்க."

டாக்டரம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"சரி. முதல்ல ஒண்ணு கேட்கிறேன். மாத்திரையை எப்படிச் சாப்பிடுறீங்க? சொல்ல வேண்டாம், செஞ்சு காட்டுங்க."

இந்தக் கேள்வியை மூன்று மாதத்தில் யாரும் கேட்டதில்லை. 'மாத்திரை சாப்பிட்டீங்களா' என்று நூறு பேர் கேட்டார்கள். 'ஆமாம்' என்று நூறு முறை சொன்னாள், அதுவும் உண்மைதான்.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். வெறுங்கையால் மாத்திரையை வாயில் போடுவது போலச் செய்தாள். பக்கத்தில் இருந்த பெரிய டம்ளரை எடுத்துக் குடிப்பது போல ஒரு முறை கவிழ்த்தாள். பிறகு இன்னொரு முறை. பிறகு இன்னொரு முறை.

"எதுக்கு மூணு டம்ளர்?"

"அலசணும்ல?"

"என்னது?"

"சோப்பு போட்டா அலசாம விடலாமா? அழுக்கைப் போக்கிற சோப்புதான், துணியிலேயே தங்கிட்டா அதுவே துணியை அரிச்சிடும், படுக்கிறவங்க தோலையும் பொசுக்கிடும். எங்க கூடத்துல ஒரு தலையணை உறையில சோப்பு நின்னு, ஒரு விருந்தாளி கன்னமெல்லாம் தடிச்சுப் போச்சு. அன்னிலேருந்து மூணு அலசல் இல்லாம ஒரு துணி வெளியே போனதில்லை. பிழிஞ்ச தண்ணிய ஒரு சொட்டு நாக்குல வைச்சுப் பார்த்துட்டுத்தான் அனுப்புவேன். மருந்தும் காரமானதுதானே? வேலையை முடிச்சுட்டு உள்ளே தங்கக் கூடாதில்ல?"

டாக்டரம்மா விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை வேளை?"

"மூணு."

"ஒன்பது டம்ளர். மாத்திரைக்கு மட்டும்." அவள் டம்ளரைக் கையில் வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "கிட்டத்தட்ட மூணு லிட்டர். அம்மா, உங்களுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஒண்ணரை லிட்டர்தான். குடிக்கிறது, சாப்பாட்டுல இருக்கிறது எல்லாம் சேர்த்து. உள்ளே போற தண்ணிய உங்க இதயத்தால தள்ளி விட முடியலை. நாங்க மாத்திரை கொடுத்து வடிக்கிறோம், நீங்க..."

"வடிகால் அடைச்ச மெஷின்ல நான் தண்ணிய ஊத்திக்கிட்டே இருந்திருக்கேன்" என்றாள் அக்கா.

"ஆமாம்மா."

ஐயோ, அந்த மூன்று டம்ளரையும் வேளை தவறாமல் நிரப்பிக் கொடுத்தவள் நான். நிறையத் தண்ணீர் குடிப்பது உடம்புக்கு நல்லது என்று பத்திரிகையில் படித்திருந்தேன். படிப்பு!

அக்கா அழவில்லை. கோபம்தான் வந்தது அவளுக்கு. "இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆச்சு இப்ப? ஒரு கொதி வர்ற நேரம்கூட இல்லை. மொதத் தடவையே சொல்லியிருந்தா நான் கேட்டிருக்க மாட்டேனா? சொல்றதைச் சொல்லாம, கேட்காதவள்னு எழுதி வைச்சிருக்கீங்களே, அது எந்த ஊர் நியாயம்? அதை அடிங்க."

"எதை?"

"கால்மாட்டுல தொங்குதே, அதை. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதுங்க, அது நெசம். கேட்க மாட்டேன்னு எழுதினா அது பொய்."

பெரிய நர்ஸ் "அதெல்லாம் மாத்தக் கூடாதும்மா" என்றாள். டாக்டரம்மா எழுந்து போய் அந்தத் தாளை எடுத்தாள். அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்திட்டு அக்காவிடம் காட்டினாள். நான் படித்துச் சொன்னேன்: 'நீர் அளவு பற்றி இன்றுதான் விளக்கப்பட்டது.' அக்கா தலையாட்டினாள்.

"இப்ப அந்த ரெண்டு பக்கத்தையும் படிங்க."

டாக்டரம்மா படித்தாள். நீர் அளவு மூன்றாவது வரியிலேயே இருந்தது. கொட்டை எழுத்தில். உப்பு, தினமும் காலையில் எடை பார்ப்பது, இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே நடந்தே வந்து காட்டுவது. அக்கா ஒவ்வொன்றையும் தன் வாயால் திருப்பிச் சொன்னாள், சொன்னபின்தான் அடுத்த வரிக்கு விட்டாள். எனக்கு ஆத்திரம் பொங்கியது. எழுதி வைத்துவிட்டு வாயைத் திறக்காத இந்த ஆஸ்பத்திரியை நான்கு வார்த்தை கேட்க வேண்டும் என்று நாக்கு துடித்தது. கேட்கவும் வாயெடுத்துவிட்டேன்.

டாக்டரம்மா கடைசி வரிக்கு வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"'நோயாளிக்கு எழுதப் படிக்கத் தெரியாததால், உடனிருப்பவராகிய நான் மேலே உள்ள அனைத்தையும் அவருக்குப் படித்துக் காட்டினேன்.' இங்கே உங்க கையெழுத்தும்மா."

எடுத்த வாய் அப்படியே நின்றது.

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவையும் இதுதான் இருந்துதா?" என்று அக்கா கேட்டாள்.

"இதே தாள்தாம்மா."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "ரெண்டு தடவையும் போட்டியே. படிச்சியா?"

"இல்லைக்கா."

"ஒரு வரி?"

"இல்லை."

வார்டே கேட்டுக்கொண்டிருந்தது. மூக்கில் குழாய் இருந்த கிழவர்கூட வேறு பக்கம் பார்த்தார். என் வீட்டு மின்கட்டணச் சீட்டைக்கூட முன்னும் பின்னும் இரண்டு முறை படிப்பவள் நான். ஆட்டோ போய்விடுமே என்று என் அக்காவின் உயிரைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கூசிப் போய் நின்றேன்.

"அவங்களுக்கு நேரமில்லை, நூறு பேரைப் பார்க்கணும்" என்றாள் அக்கா. "உனக்கு என்னடி கேடு?"

பேனாவுக்குக் கை நீட்டினேன். அவள் தாளின் மேல் உள்ளங்கையைப் பரப்பி மூடிக்கொண்டாள்.

"அவங்க படிச்சது ஆச்சு. நீ படிச்சுக் காட்டினதாத்தானே அதுல எழுதியிருக்கு? அப்ப நீ படி. உன் வாயால."

"அக்கா, பெட்டுக்கு ஆள்..."

"படி."

தாளை எடுத்தேன். சத்தமாகப் படித்தேன். மூன்று வரி படிப்பதற்குள் அக்கா கையை உயர்த்தினாள்.

"மெதுவா. எனக்குப் புரியலை."

நான் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினேன்.