நாற்பத்தைந்தில் நான்கு நாள் பிள்ளைத்தாச்சி

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையைப் பத்து வருடம் பகிடி விட்டே தள்ளிப்போட்டவள் நான். முப்பத்தைந்தில் கூப்பிட்டபோது, "என்ட கருப்பைக்குக் கழுத்திருக்கிறதே இப்பதான் தெரியும்" என்று சிரித்துவிட்டு வந்தேன். நாற்பத்தைந்தில், கர்ப்பிணிகளைப் பார்க்க வருகிற எங்கள் பகுதி மிட்வைஃப் சிரிக்கவில்லை. கையோடு கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். முடிவு வருகிற நாட்களில் அவருடைய அழைப்பை நான் எடுக்கவில்லை.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை, கல்லடியில் எங்கள் வாசலில் அவருடைய ஸ்கூட்டர் நின்றது.

"பயப்படாதீங்க அக்கா. புற்றுநோய் எண்டு சொல்லல்ல. கலத்தில மாற்றம் இருக்கு. செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரியில பெருப்பிச்சுப் பாப்பாங்க. போகாம இருந்திராதீங்க."

எங்கள் ஒழுங்கையில் மிட்வைஃப் ஒரு வீட்டுக்கு வருவதற்கு ஒரே காரணம்தான். பின்னேரமே பக்கத்து வீட்டு மச்சாள் மாங்காய் அச்சாறோடு வந்தாள்.

"எத்தின மாசம்கா?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். புற்றுநோய் என்ற சொல்லைவிடப் பிள்ளை இலேசாக வந்தது.

"இப்பதான்கா."

சனிக்கிழமை மீன்காரர், பிள்ளைத்தாச்சிக்கு என்று என் கணவருக்கு நல்ல பாரையாகப் பார்த்துக் கொடுத்தாராம். என் மனிதருக்கு எல்லாம் தெரியும், ஆனாலும் மறுக்கவில்லை. நடையில் ஒரு மிடுக்குக்கூட வந்திருந்தது. நான் அச்சாறைத் தின்றபடி, செவ்வாய் போகாமலே விட்டால் என்ன என்று யோசித்தேன். போனால் பிள்ளை பொய்யாகும், கலம் உண்மையாகும்.

செவ்வாய் காலை மச்சாள் சேலை உடுத்து வாசலில் நின்றாள். மிட்வைஃப் சொன்னதில் கிழமை மட்டும் அவள் காதில் விழுந்திருக்கிறது.

"வயித்துப்புள்ளையோட தனிய பஸ்ஸில போறயா? நானும் வாறன்."

பஸ் பாலத்தில் ஏறியபோது உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி, வாவியைப் பார்த்துச் சொன்னாள்.

"என்னையும் போன வருசம் இந்தச் சோதனைக்குக் கூப்பிட்டவகா. அவருக்குச் சுகமில்ல எண்டு சொல்லிப்போட்டன்."

"அவர் கத்தாரிலெல்லோகா இருக்கார்."

"ஓம். அங்கதான் சுகமில்ல எண்டன்."

ஆஸ்பத்திரியில் வினாகிரி போல ஒரு திரவம் பூசிப் பார்த்து, அரிசியளவு சதை எடுத்தார்கள். இரண்டு கிழமைக்குப் பின் அதன் முடிவுக்குப் போனபோதும் மச்சாள்தான் துணை. சின்ன மாற்றம்தான், பெரும்பாலும் தானாகவே மாறிவிடும், ஆனாலும் ஒரு வருடத்தில் கட்டாயம் வரவேண்டும் என்றார் டொக்டர்.

வெளியே வாங்கிலில் உட்கார்ந்திருந்த மச்சாளிடம் அதைச் சொன்னேன். கேட்டு முடித்தவள் நிலத்தைப் பார்த்தபடி, "நோகுமாகா?" என்றாள்.

என்னைப் பற்றிக் கேட்கவில்லை என்று விளங்கியது.

"கிளினிக்கில செய்யிறது கொஞ்சம் அந்தரமா இருக்கும். அஞ்சு நிமிசம்தான்."

நான் வழக்கம்போலப் பகிடி ஒன்று விடுவேன் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனில் மிட்வைஃபின் நம்பரை எடுத்து அவளிடம் நீட்டினேன்.