அண்ணாச்சி என்ற சொல்லும் அரசு கட்டும் பிரீமியமும்

வருமானச் சான்றிதழ் எழுதும்போது குடும்பம் என்றால் கணவன், மனைவி, அவர்களை நம்பியிருக்கும் பிள்ளைகள், அவ்வளவுதான். தனி வீட்டில், தனி ரேஷன் கார்டில் இருக்கும் அண்ணன் தம்பியின் வருமானத்தை அதில் சேர்க்கக் கூடாது. இது விதி. துணை வட்டாட்சியராக ஓய்வு பெறும்வரை நான் இதை எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன். விதிக்கு ஒரு நல்ல குணம் உண்டு: அது எப்போதும் புத்தகத்தில் இருக்கும். அதன் கெட்ட குணமும் அதுதான்.

சேரன்மகாதேவியில் இருக்கும் என் தங்கையின் கணவருக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியாக மூடவில்லை. லோடு ஆட்டோ ஓட்டுபவர். வாழைத்தார் ஏற்றும்போது மூச்சு வாங்குவதை முதலில் வயசு என்றார், பிறகு வெயில் என்றார். பாளையங்கோட்டையில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு வால்வு என்றார். மாற்ற வேண்டும், இரண்டு மூன்று மாதம் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம் என்றார். தங்கை அதைக் கார்த்திகை பிறப்பதற்குள் என்று மனதில் குறித்துக்கொண்டாள்.

அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தால் செலவு அதில் அடங்கிவிடும். அவர்களிடம் அட்டை இல்லை. உடம்பு நன்றாக இருந்த காலத்தில் அதற்காக ஒரு நாள் வண்டியை நிறுத்த மாப்பிள்ளைக்கு மனம் வரவில்லை.

அட்டை வாங்கித் தருவது என் பொறுப்பாயிற்று. குடும்பத்தின் ஆண்டு வருமானம் வரம்புக்குள் இருந்தால் பிரீமியம் முழுவதையும் அரசே கட்டும். ஒரு ரூபாய் தாண்டினாலும் ஒன்றும் கட்டாது. பாதி, கால் என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆகவே அரசின் பங்கு எவ்வளவு என்று மதிப்பிடுவது மிகவும் சுலபம்: ஒன்று எல்லாம், இல்லையென்றால் பூஜ்யம். வண்டி வருமானம், தங்கை சுற்றும் பீடிக்கான கூலி இரண்டையும் கொஞ்சம் தாராளமாகவே கூட்டிப் பார்த்தேன். வரம்புக்கு வெகு கீழே நின்றது. முழுப் பிரீமியமும் அரசு கட்டும் என்று தங்கையிடம் தீர்ப்புப் போல் சொன்னேன்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஒரு தனியார் நிறுவனத்துக்கும் போன் செய்தேன். பேசிய பெண் ஒரு தொகை சொன்னார். மாப்பிள்ளை வண்டியை விற்றால் இரண்டு வருஷம் கட்டலாம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்குச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். அதுவரை வால்வு காத்திருக்குமா என்று கேட்டேன். அது வேறு பிரிவு சார் என்றார்.

வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பித்தோம். வந்தது. திறந்து பார்த்தால் வருமானம் வரம்பைத் தாண்டி எங்கேயோ போயிருந்தது. கூட்டியவரின் கணக்கில் பிழையில்லை. என் பென்சனைச் சேர்த்துக் கூட்டியிருந்தார்.

தங்கை வீட்டுக்குப் போய் விசாரணையை ஆரம்பித்தேன்.

“ஏட்டி, வி.ஏ.ஓ. என்ன கேட்டாரு, நீ என்ன சொன்ன? ஒன்னு விடாம சொல்லு.”

“போன்லதான் கேட்டாரு அண்ணே. வீட்டுச் செலவு எப்படிம்மா ஓடுதுன்னு கேட்டாரு. அவுகளுக்கு வண்டி ஓட்ட முடியல, அண்ணாச்சிதான் பாத்துக்கிடுதாக, அரிசி பருப்பு எல்லாம் அண்ணாச்சிதான் தாராகன்னு சொன்னேன்.”

“கடைன்னு சொன்னியா?”

“அண்ணாச்சின்னா கடைதானே? இதக்கூடவா பிரிச்சுச் சொல்லணும்?”

“பெறவு?”

“அண்ணன் என்ன வேலை பாக்காருன்னு கேட்டாரு. உங்களைத்தான் கேக்காருன்னு நெனச்சு, பாளையங்கோட்டையில பென்சன் வாங்குதாக, சொந்த வீடுன்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன்.”

கட்டிலில் சாய்ந்திருந்த மாப்பிள்ளை, “மச்சான், நீங்க இம்புட்டு நாளா எங்களுக்கு அரிசி போட்டிருக்கீய, எனக்கே தெரியாமப் போச்சே!” என்றார்.

அரசுக் கோப்பின்படி நான் மாதந்தோறும் தங்கை வீட்டுக்கு மளிகை வாங்கிப் போடும் உத்தமன். இப்படி ஓர் ஆள் வீட்டில் இருப்பதை என் மனைவி கேள்விப்பட்டதே இல்லை.

கிராம நிர்வாக அலுவலர் தருமபுரிப் பக்கத்துக்காரர். வேலைக்கு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. மரியாதையாக நாற்காலி போட்டார்.

“விதி எனக்கும் தெரியும் சார். தனியா இருக்கிற அண்ணன் வருமானத்தைச் சேர்க்கக் கூடாதுதான். ஆனா அண்ணனே வீட்டுச் செலவு முழுக்கப் பாத்துக்கிறார்னா, அது அவங்களுக்கு வருமானம்தானே? அண்ணாச்சின்னா அண்ணன்தானே சார்?”

அகராதியைப் பிரித்தால் நியாயம் அவர் பக்கம். அண்ணனைக் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் அண்ணாச்சிதான். ஆனால் எங்கள் பக்கத்தில் அந்தச் சொல் எப்போதோ ரத்த உறவை விட்டுவிட்டுக் கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டது. இதை எந்த அரசாணையை மேற்கோள் காட்டி நிரூபிப்பது? எனக்குத் தெரிந்த அரசாணைகள் ஒன்றிலும் அது இல்லை.

மறுநாள் அண்ணாச்சியையே அழைத்துப் போனேன். கடையைப் பாதிக் கதவு சாத்திவிட்டு, மாவு படிந்த சட்டையோடு வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“சார், நான் இந்த ஊருக்கே அண்ணாச்சி. பைய யோசிச்சுப் பாருங்க. எல்லார் வீட்டு வருமானத்துலயும் எவனாவது ஒரு அண்ணனைச் சேத்தீயன்னா இந்த ஊர்ல ஒரு ஏழை மிஞ்ச மாட்டான்.”

“இல்லீங்க, அவங்க உங்களைச் சொன்னது எனக்கு...”

“நேத்து சாயங்காலம் நீங்க எங்கிட்ட என்ன சொல்லி வாழப்பழம் கேட்டீய?”

அலுவலர் என்னைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். “அண்ணாச்சி, ஒரு சீப்புன்னு...” என்று தொடங்கியவர் அங்கேயே நிறுத்திச் சிரித்துவிட்டார். அண்ணாச்சி என்பது கடைக்காரர், உறவு இல்லை, கொடுப்பதெல்லாம் கடன் என்று அவரே அறிக்கை எழுதினார். நல்ல பையன். ஒரு வரி கூடக் குறைத்து எழுதவில்லை.

ஆனால் வழங்கிய சான்றிதழைத் திருத்தும் அதிகாரம் அவருக்கில்லை. வருவாய் ஆய்வாளர் பார்க்க வேண்டும், வட்டாட்சியர் ஒப்ப வேண்டும். கோப்பு எந்த மேஜையில் எவ்வளவு நேரம் தூங்கும் என்று துல்லியமாகத் தெரிந்த ஒருவன் வெளியே காத்திருப்பது தனி வேதனை. தெரியாதவனுக்கு நம்பிக்கையாவது இருக்கும்.

இதற்குள் மாப்பிள்ளைக்குப் படுத்தால் மூச்சு முட்ட ஆரம்பித்தது. தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடியே தூங்கினார்.

“மச்சான், செத்துப் போறதுக்கும் வருமானச் சான்றிதழ் கேப்பாவளோ?”

“அதுக்கு வாரிசுச் சான்றிதழ் மாப்ள. நீ கேக்க முடியாது, தங்கச்சிதான் கேக்கணும்.”

அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாகி நெடுநேரம் நிற்கவில்லை. தங்கை அடுக்களையிலிருந்து எங்கள் இருவரையும் பார்த்த பார்வையில் நான் வாயை மூடிக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில், ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போதுதான், எனக்கும் பயமாக இருக்கிறது என்பது தெரிந்தது.

மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் தங்கை போன் செய்தாள். குறுஞ்செய்தி வந்திருக்கிறது, ஆனால் ஒன்றும் விளங்கவில்லை என்றாள். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொன்னேன். திருத்திய சான்றிதழ் ஒப்புதல் பெற்றது என்று இருந்தது. தொகையைப் படிக்கச் சொன்னேன். படித்தாள். நான் மதிப்பிட்டதைவிடவும் குறைவு. பிரீமியம் அரசுடையது.

“அப்ப ஆபரேசன் உண்டா அண்ணே?”

“உண்டு. அட்டைக்கு இன்னைக்கே போவோம். மாப்பிள்ளைகிட்ட சொல்லு.”

 அவள் போனை வைக்காமலே உள்ளே ஓடியிருந்தாள். மழைச் சத்தத்துக்கு நடுவே, “ஏங்க, வந்துட்டுங்க, வந்துட்டு” என்று அவள் சொல்வது மட்டும் கேட்டது. அன்று ஐப்பசி இருபத்து நான்கு; கார்த்திகை பிறக்க இன்னும் சில நாள் இருந்தது.