ஆர்.வி. பார்க்கில் ஓதி ஊதிய கதை

வாப்பா ஒன்றை புக் செய்துவிட்டால் செய்ததுதான். வானமே இடிந்து விழுந்தாலும் ரத்து செய்ய மாட்டார். அந்த வருஷம் வானம் ஏறக்குறைய இடிந்துதான் விழுந்திருந்தது. 2001 அக்டோபர். நியூயார்க்கில் அந்தக் கட்டடங்கள் விழுந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. நாங்கள் குடியிருந்த ரவுண்ட் ராக்கில் எங்கள் வீட்டு டிவி அணைவதே இல்லை. உம்மா முக்காட்டை இறுக்கிக்கொண்டு காருக்கும் கடைக்கும் நடுவே ஓட்டமும் நடையுமாகப் போய்வந்தார். எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை. என் கவலை ஒன்றே ஒன்று: ஒரு மாதமாக என்னோடு விளையாட யாரும் வரவில்லை. "எல்லாருக்கும் ஹோம்வொர்க் ஜாஸ்தி" என்றார் உம்மா. நானும் நம்பினேன்.

வாப்பா கோடையிலேயே ஒரு ஆர்.வி.யை வாடகைக்குச் சொல்லிவைத்திருந்தார். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் அடங்கிய பஸ் அது. ஹலால் கிடைக்காது என்று, உம்மா எந்த ஊருக்குப் போனாலும் சிப்ஸும் வாழைப்பழமுமாகவே நாளை ஓட்டுவார். சமையலறையையே கூட்டிக்கொண்டு போனால் என்ன என்பது வாப்பாவின் யோசனை.

"இந்த நேரத்துல எதுக்குங்க?" என்றார் உம்மா.

"நாலு மாசம் முன்னாடியே புக் பண்ணியாச்சு. அங்க நிறைய பிள்ளைங்க வருவாங்க. இவளுக்கும் வெளையாட ஆள் கிடைக்கும்ல?"

அந்தக் கடைசி வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

உம்மாவின் தம்பியான மாமாவும் எங்களோடு வந்தார். லூசியானா எல்லை தாண்டி, இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலையை ஒட்டிய சின்ன ஊர் ஒன்றின் ஆர்.வி. பார்க்கில் சனிக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். பைன் மரங்களுக்கு நடுவே நாற்பது வண்டிகள் நின்றன. எல்லா வண்டியிலும் அமெரிக்கக் கொடி. விளையாட்டுத் திடலில் பிள்ளைகளின் கூச்சல் கேட்டது. செருப்புகூட மாட்டாமல் ஓடினேன்.

நான் போனபோது அங்கே ஒருவரும் இல்லை. ஊஞ்சல் மட்டும் தானாக ஆடிக்கொண்டிருந்தது. சிவப்புப் பந்து ஒன்று மெதுவாக உருண்டு வந்து என் காலடியில் நின்றது. பெஞ்சில் ஒரு ஜூஸ் டப்பா இருந்தது. தொட்டுப் பார்த்தேன். இன்னும் சில்லென்று இருந்தது.

திரும்பி வந்தால் வாப்பாவும் மாமாவும் ஒரு சண்டையில் இருந்தார்கள். மதியத் தொழுகையான லுஹர் தொழ வேண்டும். மக்காவை நோக்கிய கிப்லா எந்தப் பக்கம்? இந்தியாவில் இந்தப் பிரச்சினையே இல்லை, மேற்கே பார்த்து நின்றால் முடிந்தது. ரவுண்ட் ராக் பள்ளிவாசலில் கோடு போட்டே வைத்திருந்தார்கள். இங்கே யாரைக் கேட்பது? மாமா வரைபடத்தை விரித்துத் தென்கிழக்கு என்றார். வாப்பா இன்ஜினியர். "பூமி உருண்டை, மாப்ள" என்று சொல்லி, எனக்கு வாங்கியிருந்த உலக உருண்டைப் பந்தை வாயால் ஊதி, லூசியானாவிலிருந்து மக்காவுக்கு நூல் பிடித்துக் காட்டினார். வடகிழக்கு!

வண்டியின் இரும்பு காம்பஸ் முள்ளைக் கெடுத்துவிடும் என்று அறுபது அடி தள்ளிப் போனார்கள். முளை அடித்து நூல் கட்டினார்கள். வாப்பா தரையில் படுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூல் வழியே பார்த்தார். நூல் நேராக, இன்டர்ஸ்டேட்டுக்கு அப்பால் நின்ற ஊர்த் தண்ணீர்த் தொட்டியைக் காட்டியது. "இப்ப கரெக்ட்" என்றார் திருப்தியாக. மாமா விடுவாரா? தன் பங்குக்கு இன்னொரு நூல் கட்டினார். அது பெட்ரோல் போடும் கேஸ் ஸ்டேஷனைக் காட்டியது. வண்டிக்குள் தொழ இடம் போதாது என்பதால் வெளியிலேயே பாய் விரித்து, ஆளுக்கொரு திசையில் தொழுதார்கள்.

அன்றைக்கு இன்னும் மூன்று முறை திடலுக்குப் போனேன். ஒரு முறை சோப்புக் குமிழிகள் மிதந்துகொண்டிருந்தன, ஊதியவரைக் காணவில்லை. கரி அடுப்பு ஒன்றில் இறைச்சி கருகிக்கொண்டிருந்தது, புரட்டிப்போட ஆளில்லை. நான் திரும்பிய பக்கமெல்லாம் ஜன்னல் திரை லேசாக அசைந்து நின்றது. எங்கள் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் வெளியே மறுபடி சிரிப்புச் சத்தம்.

மாமாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "ஆளில்லாத இடத்துல ஜின் குடியிருக்கும், தெரியாதா?" என்று சிரித்தார். என்னைச் சீண்டத்தான் சொன்னார். எனக்கோ எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளைகளைக் கண்ணுக்குத் தெரியாத அந்த ஜின்தான் ஒளித்து வைத்திருக்கிறது. அதை விரட்டிவிட்டால் அவர்கள் வெளியே வந்துவிடுவார்கள்.

ஞாயிறு காலை உம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது என் வெள்ளை மக்கனாவை மாட்டிக்கொண்டு இறங்கினேன். தொழும்போது தலையிலிருந்து மூடிக்கொள்ளும் துணி அது. எனக்கு முழங்கால்வரை தொங்கும். திடலின் நடுவில் நின்று, பயம் போக உம்மா கற்றுக்கொடுத்த குர்ஆன் வசனமான ஆயத்துல் குர்ஸியைத் தொண்டை கிழிய அரபியில் ஓதினேன். முடித்ததும், காய்ச்சல் வந்தால் உம்மா என் நெற்றியில் ஊதுவாரே, அதேபோல ஒவ்வொரு வண்டியையும் பார்த்து ஊதினேன். ஒன்றையும் விடவில்லை. நாற்பது வண்டிக்கும் ஊதி முடிப்பதற்குள் எனக்குத் தலை சுற்றியது.

அரை மணிநேரத்தில் போலீஸ் கார் வந்து நின்றது.

உயரமான அதிகாரி. தொப்பியைக் கழற்றி உம்மாவிடம் மரியாதையாகப் பேசினார். நூல் எதற்கு என்று கேட்டார். கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் வாப்பா பந்தை எடுத்துவந்து பத்து நிமிஷம் விளக்கினார். அதிகாரி ஒரு நூலின் வழியே தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், மற்றொன்றின் வழியே கேஸ் ஸ்டேஷனைப் பார்த்தார். மாமாவின் பெயரை மூன்று முறை எழுத்துக்கூட்டச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்து, நீ என்னம்மா சொல்லிக்கொண்டிருந்தாய் என்று கேட்டார்.

"இங்கே ஒளிந்திருப்பவர்களை விரட்டிக்கொண்டிருந்தேன்" என்று ஆங்கிலத்தில் பெருமையாகச் சொன்னேன்.

உம்மாவின் விரல்கள் என் தோளில் அழுந்தின. அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். எழுந்ததும் வாப்பாவிடம் தணிந்த குரலில், சட்டப்படி நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை, ஆனாலும் இப்போதே கிளம்பினால் உங்களுக்கு நல்லது என்றார்.

வாப்பா குனிந்து முளைகளைப் பிடுங்கினார். நூலைச் சுற்ற ஆரம்பித்தார். நூற்கண்டு இரண்டு முறை நழுவிக் கீழே விழுந்தது. வாப்பாவுக்குக் குளிரில் விரல் விறைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

போலீஸ் கார் முன்னே போக எங்கள் வண்டி ஊர்ந்தது. நான் பின்படுக்கையில் முட்டிபோட்டுக் கண்ணாடி வழியே பார்த்தேன். ஒரு கதவு திறந்தது. இன்னொன்று திறந்தது. மஞ்சள் முடிச் சிறுமி ஒருத்தி ஓடிவந்து ஊஞ்சலில் தாவினாள். அவளுக்குப் பின்னால் எல்லா வண்டிகளிலிருந்தும் பிள்ளைகள் கத்திக்கொண்டு கொட்டினார்கள். இவ்வளவு பேரா! நான் இல்லாமல் விளையாடுகிறார்களே என்று அழுகை வந்தது. ஆனாலும் விடுவித்தது நான்தானே என்ற கர்வம் தாங்கவில்லை.

"உம்மா, ஒர்க் ஆயிருச்சு! பாருங்க, ஜின் போயிருச்சு!"

உம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தப் பிள்ளைகள் மரங்களுக்குப் பின்னால் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டு, "ஆமா தங்கம், போயிருச்சு" என்றார். அந்த நாற்பது வண்டிகளிலும் இருந்த தாய்மார்கள் அதே நேரத்தில் தங்கள் பிள்ளைகளிடம் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.