செவுளில் ஓடிய சிவப்பு

டத்தோ கிராமாட்டில் குடியிருக்கும் மோகனாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக நுண்நோக்கியில் சிப் பார்க்கிற வேலை. ஒரு லாட்டில், அதாவது ஒரு தொகுப்பில், ஒரே ஒரு சிப்பில் கீறல் இருந்தால் போதும், மொத்தத்தையும் நிறுத்திவைக்கும் 'ஹோல்ட்' சீட்டு ஒட்டிவிடுவாள். பிறகு மேனேஜரே வந்து நின்றாலும் சீட்டு கழலாது. அப்படிப்பட்ட கண்ணை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியுமா? நிபோங் திபாலில் அக்கா வீட்டுக்குப் போய், பின்னாலிருக்கும் செம்பனைத் தோட்டத்து வாய்க்காலில் குனிந்துவிடுவாள்.

அங்கே சுண்டுவிரல் நீளத்தில் காட்டுச் சண்டை மீன் உண்டு. போத்தலில் பிடித்து முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே காட்டினால், எதிரி வந்துவிட்டான் என்று செவுளை விரித்துக்கொண்டு எகிறும். அப்போது செவுளில் இரண்டு பச்சைக் கோடுகள் பளிச்சென்று தெரியும். ஏன் பச்சை, ஏன் இரண்டு என்று அவள் கேட்காத ஆளில்லை. அக்கா வீட்டில் இவளுக்குக் கழன்றுவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தார்கள்.

தோட்டத்து மருந்தும் தூர்வாரும் இயந்திரமும் அந்த மீனில் பாதியை ஏற்கெனவே முடித்திருந்தன. போன மாதம், வாய்க்காலை மூடி வீடு கட்டப்போவதாக அறிவிப்புப் பலகையும் வைத்துவிட்டார்கள். மீன் ஆராய்ச்சி செய்யும் சாந்தினி, கலப்பில்லாத காட்டு மீனாக இருந்தால் கொண்டுபோய் இனம் பெருக்குவதாகச் சொன்னாள். மீன் பிழைக்க வேறு வழியில்லை.

சாந்தினி வந்த அன்று பதினொரு மீன் கிடைத்தது. மோகனா ஒவ்வொன்றுக்கும் கண்ணாடி காட்டினாள். பத்து பச்சை. பதினொன்றாவது செவுளை விரித்தபோது பச்சையை ஒட்டிச் சிவப்பு ஓடியது. கண்ணாடியை எடுத்துவிட்டு மறுபடி காட்டினாள். அதே சிவப்பு.

சிவப்புச் செவுள் கடையில் விற்கும் வளர்ப்புச் சண்டை மீனுக்குத்தான். மூன்று வருடத்துக்கு முன் மகன் தனேஷ் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனபோது இரண்டு கடை மீனை விட்டுப் போனான். அடைத்து வைப்பது பாவம் என்று அவள்தான் அவற்றை இங்கே கொண்டுவந்து விட்டாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்திருந்தது.

சாந்தினி திரும்பி நின்று பையில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். அந்த ஒன்றை வாய்க்காலிலேயே கவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியும்? பத்தும் பிழைத்துப் போகும். கை போத்தல் வரைக்கும் போனது.

"சாந்தினி, இந்த லாட்ட அப்படியே எடுக்காதம்மா. கடை மீன் கலந்திருக்கு. நாந்தான் விட்டேன்."

சாந்தினி வந்து பார்த்தாள். "மத்த பத்தும் நல்லாத்தானேக்கா இருக்கு?"

"ஒண்ணு தப்புன்னா மொத்தமும் ஹோல்ட்லா. உள்ளுக்குள்ள என்ன கலந்திருக்கோ, யாரு கண்டா?"

சாந்தினி பதினொன்றையும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனாள். மரபணுப் பரிசோதனை முடிய மூன்று வாரமானது. அதற்குள் லோரிகள் மண்ணைக் கொட்டி வாய்க்காலை மூடிவிட்டன. தொழிற்சாலை கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தபோது சாந்தினியின் அழைப்பு வந்தது. பச்சை காட்டிய பத்தில் ஆறு கலப்பு. நான்குதான் அசல்.

தன் கண்ணுக்கே ஆறு தப்பியிருக்கிறது. மோகனா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நாலு போதுமா?"

"பாக்கலாம்க்கா. ஒண்ணுதான் பொண்ணு."

"மிச்ச ஏழ என்ன செய்வீங்க?"

"கலப்ப வச்சிக்க முடியாதுக்கா. கொன்னுருவாங்க."

"எங்கிட்டயே குடுத்துரும்மா," என்றாள் மோகனா. "சாகுற வரைக்கும் வச்சிப் பாத்துக்கிறேன். எங்கயும் விட மாட்டேன்."