ஓமனக்குட்டி உரித்தெடுத்த தரை

மூலையில்தான் தொடங்குவாள். பெருவிரல் நகத்தை விளிம்புக்கு அடியில் கொடுத்து ஓர் அங்குலம் கிளப்புவாள். அதைப் பிடித்துக்கொண்டு குந்தியபடியே பின்னால் நகர்ந்து நகர்ந்து இழுப்பாள். மொசைக் தரையிலிருந்து வெளிறிய மஞ்சள் தொலி ஒன்று கழன்று வரும். வலது கை இழுக்க, இடது கை சட்டியிலிருந்து மரச்சீனிக் கிழங்கு மாவை அள்ளித் தூவிக்கொண்டே இருக்கும். மாவு படாவிட்டால் தொலி தன்மேல் தானே ஒட்டிக்கொண்டு கிழிந்துவிடும். ஓர் அறையின் தொலி முழுவதையும் ஒரு கிழிசல் இல்லாமல் பாய் மாதிரிச் சுருட்டி எடுக்க, பாறசாலைப் பக்கத்தில் ஓமனக்குட்டி ஒருத்திக்குத்தான் தெரியும்.

தொலியை உண்டாக்கியவன் அவள் கணவன் சதானந்தன். வெள்ளறடையில் ஒரு ரப்பர்ப் பால் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் பால் கலக்கிக்கொண்டிருந்தான். கம்பெனி மூடியதும் வீட்டுக்குப் பின்னால் இரண்டு டிரம் வைத்து, பாலில் சாக்பீஸ் செய்கிற சாக்குப்பொடியும் வேறு என்னவோவும் சேர்த்து ஒரு பூச்சு செய்தான். பிரஷ்ஷால் அடித்தால் காய்ந்து தோல்போல் பிடித்துக்கொள்ளும். கீறலும் கறையும் அதன்மேல்தான் விழும். வேலை முடிந்தபின் உரித்து எறிந்துவிடலாம். அமரவிளையில் ஸ்டீல் அலமாரி செய்கிறவர்கள், லாரியில் போகும்போது பெயிண்ட் உரசாமலிருக்க அதை வாங்கி அடித்தார்கள். மூன்று வருடம் ஓடியது. தொண்ணூற்றைந்தில் ஒட்டும் பிளாஸ்டிக் தாள் சுருள் சுருளாக வந்து இறங்கியது. அடிக்கவும் வேண்டாம், காயவும் வேண்டாம். அலமாரிக்காரர்கள் தாளுக்குப் போய்விட்டார்கள்.

அதன்பின் சதானந்தன் பாதி பூச்சு அடித்த தகரத் துண்டு ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு அலைந்தான். கண்ணாடிக் கடை, பித்தளை விளக்குக் கடை, மரச்சாமான் கடை என்று ஏறி இறங்கினான். நெய்யாற்றின்கரையில் போர்டு எழுதுகிறவர்கள் மட்டும் மாதம் ஒரு கன்னாஸ் கேன் நிறைய வாங்கினார்கள். பூச்சின்மேல் எழுத்தைக் கத்தியால் வெட்டியெடுத்து, வண்ணம் அடித்து, மிச்சத்தை உரித்தால் எழுத்தின் ஓரம் சுத்தமாக நிற்குமாம். அது சோற்றுக்குப் போதாது.

சாயாக்கடை பொன்னையனுக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "எலே சதானந்தா, எனக்க மொட்டத் தலையில ஒரு கோட்டு அடிச்சுத் தா. மழைக்குக் கொள்ளாம்."

"அடிச்சுத் தாறேன். உரிக்கும்ப மிச்சமுள்ள நாலு முடியும் கூட வரும். பின்ன எனட்ட கேக்கப்பிடாது."

"தொலி தொலின்னு நடந்து கடைசியில தோல்வி ஆயிப்போச்சே மக்கா."

சதானந்தனும் சிரிப்பான். வீட்டுக்கு வந்தால் பையை மூலையில் எறிந்துவிட்டுப் படுத்துக்கொள்வான்.

வழி கண்டுபிடித்தவள் ஓமனக்குட்டி. வளைகுடாவில் இருக்கும் ஒருவர் கட்டிய புது வீட்டில் அவள் தரை கழுவும் வேலைக்குப் போனாள். மொசைக் முழுக்கச் சிமென்ட் தெறிப்பும் பெயிண்ட் சொட்டும். ஜன்னல் கண்ணாடிக்கு அடித்துப் பார்க்கலாமென்று கொண்டுபோயிருந்த பூச்சு கை தவறித் தரையில் கொட்டிவிட்டது. பயந்துபோய் யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டாள். மறுநாள் போய் உரித்தால், அந்த இடத்துக் கறை எல்லாம் தொலியோடு சேர்ந்து வந்துவிட்டது. ஆசிட் ஊற்றித் தேய்த்தாலும் அத்தனை சுத்தம் வராது.

அவர்கள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. முப்பத்திரண்டு வருடம் அரசு ஆஸ்பத்திரிகளில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அன்று வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, கறை ஒட்டிய தொலித் துண்டை அவள் எனக்குக் காட்டினாள். "சேச்சி, மூடி வைக்கதுக்கு மட்டும் இல்ல, அழுக்கப் பிடிச்சு எடுக்கவும் செய்யும். அவரு ஒரு வருஷமா தேடினத நான் கை தவறி கண்டுபிடிச்சாச்சு."

அதிலிருந்து புது வீடுகள் வரத் தொடங்கின. அடிப்பது சதானந்தன், உரிப்பது அவள்.

முதலில் அவள் கை தடித்தது. பால் கெடாமலிருக்கச் சேர்க்கும் அமோனியாவாக்கும் என்று தேங்காயெண்ணெய் தடவினாள். பிறகு வாழைப்பழம் தின்றால் நாக்கு அரிக்கிறது என்று ஒருநாள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆறு மாதத்தில் வலிவு வந்தது. எங்கள் பக்கத்தில் வலிவு என்றால் மூச்சிழுப்பு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாலே அவள் நெஞ்சின் விசில் எனக்குக் கேட்டது.

"டாக்டரைக் கண்டியா?"

"அவரு களியக்காவிளையில இருந்து மருந்து வாங்கித் தந்தாரு. மூணு மாசமா குடிக்கேன். நல்லா பசிக்கி."

குப்பியை வாங்கிப் பார்த்தேன். தமிழில் பெரிய எழுத்தில் 'உடல் வலிவுக்கு' என்று அச்சடித்திருந்தது. சதானந்தன் எல்லை தாண்டிப் போய், "வலிவுக்கு மருந்து உண்டா?" என்று கேட்டிருக்கிறான். கடைக்காரர் பலத்துக்கான டானிக்கை எடுத்துக் கொடுத்திருக்கிறார். கேட்டவன் மேலும் தப்பில்லை, கொடுத்தவர் மேலும் தப்பில்லை. சதானந்தனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும். வாசித்துச் சரிபார்த்துத்தான் வாங்கினான்.

நான் விளக்கியதும் ஓமனக்குட்டி வேலியைப் பிடித்துக்கொண்டு இருமி இருமிச் சிரித்தாள். "அப்ப மூணு மாசமா நான் வலிவு கூடதுக்கு மருந்து குடிச்சிருக்கேன்."

"சிரிக்காத. இது ரப்பர்ப் பாலுக்க வேலை. திருவனந்தபுரத்தில ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் ஒருத்திக்குக் கையுறை போட்டுப் போட்டு இப்படித்தான் வந்துது. அவளுக்கும் வாழைப்பழம் தின்னா நாக்கு அரிக்கும். நீ மாவு தூவுத இல்லியா, அந்த மாவுல ஒட்டிப் பாலு உனக்க நெஞ்சுக்குள்ள போவுது. இனி உரிக்கப்பிடாது. உரிச்சா ஒருநாள் மூச்சு அடைச்சுப்போவும்."

அவள் சிரிப்பை நிறுத்தினாள். நெய்யாற்றின்கரைக்குப் போகும் வழியில் மோகனன் என்பவர் கட்டியிருந்த கல்யாண மண்டபத் தரையை அந்த மாதம்தான் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அத்தனை பெரிய தரை அதுவரை கிடைத்ததில்லை. அதைப் பார்க்க நாலைந்து காண்டிராக்டர்கள் வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"மண்டபம் முடியட்டு சேச்சி. அதோட நிறுத்தியாச்சு. வேற பிள்ளையளுக்குப் படிப்பிச்சுக் கொடுக்கேன்."

"சதானந்தன்ட்ட நான் சொல்லுதேன்."

"சொல்லப்பிடாது." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவரு கேட்டா அந்த நிமிஷமே டிரம்மக் கவுத்திப்போடுவாரு. பின்னயும் அந்தத் தகரத்தத் தூக்கிட்டு நடக்கணும். எனக்கு அதக் காண வய்யா. எட்டு நாளு. சத்தியமாட்டு எட்டே நாளு."

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரும் நான் சொன்னதையே சொல்லி, மூச்சிழுக்கும் பம்ப் ஒன்று எழுதிக் கொடுத்தார். வாயைத் துணியால் கட்டு, ஜன்னலைத் திற, பம்பை இடுப்பிலேயே வை என்று சொல்லி அனுப்பினேன். சதானந்தனிடம் சொல்லவில்லை. இத்தனை வருடம் நோயாளி சொல்வதற்கும் நோய் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்த நான், எட்டு நாளுக்குச் சம்மதித்தேன்.

ஆறாவது நாள் வியாழக்கிழமை. வெளியே முற்றத்தில் மண் அடித்துக்கொண்டிருந்தார்கள். தூசி ஏறக்கூடாதென்று மண்டபத்து ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு உரித்து முடித்தபோது அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சதானந்தன் ஓடிவந்தான். அவன் பையில், மூச்சிழுப்பு மருந்தென்றே நம்பி வைத்திருந்த அந்த டானிக் இருந்தது. அவள் தலை நெஞ்சில் கவிழ்ந்திருந்தது. நிமிர்த்திப் பிடித்து இரண்டு மூடி ஊற்றினான். கொஞ்ச நேரத்தில் அடங்கும் என்று முதுகைத் தடவிக்கொண்டு காத்திருந்தான். உதடு நீலமானபின்தான் ஆட்டோ தேடிப் போனான். அமரவிளை தாண்டும்போது மூச்சு நின்றுவிட்டது. பம்ப் வீட்டில் அரிசிக் கலத்துக்குள் இருந்தது. கணவன் கண்ணில் படாமல் ஒளித்து வைத்திருந்தாள்.

நான்தான் குளிப்பாட்டினேன். கழுத்திலும் தலைமுடிக்குள்ளும் மாவு இருந்தது. நகத்தை வெட்டட்டுமா என்று ஒரு பெண் கேட்டாள். வேண்டாமென்றேன்.

வெள்ளிக்கிழமை எரித்துவிட்டு வந்து எல்லாரும் போனபின், சதானந்தனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பால், மாவு, பம்ப், எட்டு நாள் கணக்கு, அவள் சொன்னது, நான் சம்மதித்தது. ஒன்றையும் மறைக்கவில்லை. அவன் கிணற்றடியில் ஈரத் துண்டோடு உட்கார்ந்திருந்தான்.

"அப்ப அந்த டானிக்கு?"

"அது உடம்புக்குப் பலம் வரதுக்கு உள்ளது."

துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னான். "அதில வலிவுக்குன்னு தானே எழுதியிருந்துது சேச்சி. நான் ரெண்டு தடவ வாசிச்சனே."

முன்னமே ஏன் சொல்லவில்லை என்று அவன் என்னைக் கேட்கவில்லை.

இருட்டுவதற்குள் மோகனனிடமிருந்து ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் முதல் கல்யாணம். மிச்சத் தொலியை எடுத்தாக வேண்டும். நாள் போனால் தரையோடு பிடித்துக்கொள்ளும். ஆனால் கல்யாணம் நடக்கும் இடம், புல என்னும் சாவுத்தீட்டு உள்ள வீட்டுக்காரர் உள்ளே வரக்கூடாது. வந்த ஆள் இதைச் சொல்லும்போது தலையைத் தூக்கவில்லை.

"நான் போறேன்," என்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நானும் பொன்னையன் மனைவி லீலாபாயும் பஸ்ஸில் போனோம். சதானந்தன் பின்னால் சைக்கிளில் வந்து, கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டான். ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தேன். முற்றத்து மண் வந்தால் வரட்டும். நனைத்த தோர்த்துத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டோம். மாவைத் தொடக்கூடாது, கிழிந்தால் கிழியட்டும் என்று லீலாபாயிடம் சொன்னேன். கிழிந்தது. கை அகலத் துண்டுகளாகவும் சில இடத்தில் சுரண்டியும் எடுத்தோம். ஓமனக்குட்டி ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பாள். எங்களுக்கு மூன்றரை மணி நேரம் ஆயிற்று.

மோகனன் வந்து தரையைப் பார்த்துவிட்டுக் கேட்டுக்குப் போனார். "பாவம், நல்லா செய்திருக்கு. மாடி வேலை அடுத்த மாசம். ரெண்டு காண்டிராக்டர் உனக்க பேரு கேட்டாவ. மெதுவா வந்தா போதும்."

சதானந்தன் கும்பிட்டான். "இனி அந்தப் பணி இல்ல முதலாளி."

பதினொரு மணிக்கு வீட்டுக்கு வந்தோம். அவன் கொல்லைக்குப் போய், பாலை உறையவைக்கும் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து இரண்டு டிரம்மிலும் ஊற்றிக் கம்பால் கிளறினான். பூச்சு திரிந்து, கம்பைச் சுற்றிக் கட்டியாகப் பிடித்தது. சாக்குப்பொடி கலந்ததை ரப்பர்க் கடைக்காரர் யாரும் எடுக்கமாட்டார்கள். வாழைக்கு அந்தப்பக்கம் இடுப்பளவு குழி வெட்டினான். டிரம்மை அவன் ஒருவனால் சாய்க்க முடியவில்லை. மறுபக்கத்தை நான் பிடித்தேன்.