இன்னும் பிறக்காத எஸ்தர் டீச்சர்

இன்று எங்கள் பள்ளி அலுவலகத்தில் பழைய ஆசிரியர்களின் விவரங்களைப் புது சாஃப்ட்வேரில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

பாதிப் பெயர்கள் ஏறவே இல்லை. திரை முழுக்கச் சிவப்பு. பிறந்த தேதி எதிர்காலத்தில் இருக்கிறதாம்.

"அப்பல்லாம் வருசத்த ரெண்டு நம்பர்லயே முடிச்சுட்டாங்கக்கா" என்றார் சாஃப்ட்வேர் போட வந்த முத்துப்பாண்டி. "58னு இருந்தா இது 2058னு எடுத்துக்குது. இந்தா பாருங்க, எஸ்தர் டீச்சர். இவங்க பொறக்கவே இன்னும் எம்புட்டு வருசம் கெடக்கு!"

நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் சொன்னேன்: "அது எங்கம்மா, தம்பி. போன வருசம் தவறிட்டாங்க."

அவர் முகம் வாடிவிட்டது. "தெரியாமச் சொல்லிட்டேன்க்கா. அம்புட்டையும் ஒரே தட்டுல சரி பண்ணிரலாம். பண்ணவா?"

"டீ குடிச்சுட்டு வந்து பண்ணுங்களேன்."

அவர் எழுந்து போனார். நான் அந்தச் சிவப்பு வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கி, பென்ஷன் ஆபீஸ், ரேஷன் கடை என்று எல்லா இடத்திலும் அம்மா இனி இல்லை என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். இனிமேல்தான் வரப்போகிறாள் என்று சொன்னது இந்த ஒரு கம்ப்யூட்டர்தான்.

டீ குடித்துவிட்டு வந்தார். தட்டினார். சிவப்பு போய்விட்டது.

2058இல் எனக்கு வயது எண்பதை நெருங்கும். அந்த வயதில் ஒரு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ள முடியுமா? பேரன் பேத்தி எடுத்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.