குகநாதன் சித்தப்பாவின் உயர அடுப்பு

தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் குகநாதன் சித்தப்பா ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் புறப்பட்டார். நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்து லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் அவர் வீட்டில்தான் நான் தங்கியிருந்தேன். அவருடைய பெட்டியைத் தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே சீலை இல்லை, சொக்லேற் இல்லை. சமையலறைப் புகையை வெளியே இழுக்கும் விசிறி ஒன்று இருந்தது.

"ஊருக்குப் போற மனிசர் சனத்துக்குச் சாமான் கொண்டுபோவினம். இவர் காத்தாடி கொண்டுபோறார்," என்றார் யோகமலர் சித்தி.

"அந்தப் புகைக்குள்ள நிண்டு நீர் சமைப்பீரோ?" என்றார் சித்தப்பா.

சித்தப்பா ஜெர்மனியில் கோப்பை கழுவி, பிறகு லண்டனுக்கு வந்து பொரித்த கோழி விற்கும் கோழிக்கடைகளுக்குச் சமையலறை அமைத்துக் கொடுப்பவர். இலங்கையில், வன்னியில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாட்டை மரத்தடியில் சமைத்தார்கள். மழை பெய்தால் அடுப்பு எரியாது. வெறும் வயிற்றோடு வந்த பிள்ளைகள் அப்படியே இருப்பார்கள்.

பழைய மாணவர் சங்கம் பள்ளி வாசலில் பெயர் பொறித்த வளைவு ஒன்று கட்ட இருந்தது. "வளைவைப் பிள்ளையள் தின்னுங்களோ?" என்று கேட்டு, சித்தப்பா அந்தத் திட்டத்தைச் சமையலறை கட்டுவதாக மாற்றினார். அவருக்கு ஒரே பயம், சங்கம் முன்பு கொடுத்த கணினி அறை பூட்டியே கிடந்ததுதான். இதுவும் அப்படிக் கிடந்தால்?

சுவர் எழும்பியதும் உள்ளே அடுப்பைத் தானே கட்டத்தான் அந்தப் பெட்டியோடு போனார். மாசியில் பூரிப்போடு திரும்பினார்.

"நிமிர்ந்து நிண்டு சமைக்கலாம். இடுப்பு, நாரி நோகாது."

சித்தி அவருடைய ஃபோனில் அவர் அங்கே எடுத்த படத்தைப் பெரிதாக்கினார். "சமைக்கிற பிள்ளை ஏன் வாங்குப் பலகையில ஏறி நிக்குது?"

சித்தப்பா எட்டிப் பார்த்தார். அடுப்பு மேடையைக் கோழிக்கடை மேடையின் உயரத்திலேயே கட்டியிருந்தார். பள்ளிக்கூடம் முழுவதற்கும் சோறு வேகும் பெரிய கிடாரப் பானையை அதில் ஏற்றினால், அதன் விளிம்பு அங்கே சமைக்கும் றொசாந்தியின் தலை உயரத்துக்கு வந்தது.

"கோழி பொரிக்கிற சட்டியெண்டு நினைச்சியளாக்கும்," என்றார் சித்தி.

அதன் பிறகு ஊரிலிருந்து படங்கள் வரவில்லை. கேட்கவும் சித்தப்பாவுக்குத் துணிவில்லை. சாப்பிடும்போது, "பூட்டிப்போட்டாங்கள் போல," என்பார் திடீரென்று.

ஐப்பசியில் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு கோழிக்கடையில் வேலை. அவர் ஏணியில் நிற்க, நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அவருடைய ஃபோனுக்கு றொசாந்தியின் குரல்பதிவு வந்தது.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. உங்கட மேடையை உடைச்சு முழங்காலளவுக்கு இறக்கிப்போட்டம். அறியத் தந்தா கவலைப்படுவியள் எண்டு பேசாம இருந்தனாங்கள். இஞ்ச இப்ப ஒரே மழை. விசிறி நல்லா இழுக்குது. பிள்ளையள் ரெண்டாந்தரமும் சோறு கேக்குதுகள். அடுத்த முறை வரேக்க கிடாரத்தின்ர அடியைக் கிண்ட நீட்டுப் பிடி அகப்பை ஒண்டு கொண்டுவாங்கோ."